பிரியதத்தம்

ஞாயிறு பின்னேரம் மருமகன் வந்தான். திருகோணமலை டைக் வீதியில் எங்கள் வீட்டு விறாந்தையில் இருந்தால் கடல் இரைவது கேட்கும். மாரி நெருங்க நெருங்க அந்த இரைச்சல் தடித்துக்கொண்டு போகும். அவன் வங்கியில் வேலை செய்கிறவன், கணக்கில் ஒரு சதம் பிசகினாலும் நித்திரை கொள்ளமாட்டான். எங்கள் பங்கில் இயங்கும் புனித வின்சன்ட் டி போல் சபைக் கிளைக்கு அவனைப் பொருளாளராகத் தெரிவுசெய்து மூன்று கிழமைதான் ஆகிறது. ஒரு கையில் சிவப்புத் துணிப்பை, மறு கையில் சீ.ஆர். கொப்பி. இருந்ததும் இரண்டையும் மேசையில் வைத்தான்.

"மாமா, இதை எப்பிடி நான் கணக்கெண்டு எழுதுறது? ஆர் எவ்வளவு போட்டதெண்டு தெரியாது. பற்றுச்சீட்டு இல்லை. கொடுக்கிற வீடுகளின்ரை பேரும் வெளியில சொல்லக்கூடாதாம். நாங்கள் செய்யிறது தர்மம்தான், ஆனால் ஒழுங்கு வேணும்தானே?"

நல்ல கேள்வி. ஆறப்போடக் கூடாத கேள்வியும்கூட. மாமி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். முதலில் குடி, பிறகு பையிலிருந்து தொடங்குவோம் என்றேன்.

அந்தப் பை சுற்றிவருவதை வெளியிலுள்ளவர்கள் கண்டிருக்கமாட்டார்கள். கிழமைக்கொருமுறை கூட்டம். செபம் சொல்லி, போன கிழமை போய்வந்த வீடுகளின் நிலைமையைக் கதைத்து முடித்ததும் பை கைமாறும். ஒவ்வொருவரும் பொத்திய கையை உள்ளே விட்டு, விரித்து, வெறுங்கையை வெளியே எடுப்பார். ஆயிரம் ரூபாய்த் தாள் போட்டவரின் கையும், இருபது ரூபாய் போட்டவரின் கையும், அந்தக் கிழமை போட ஒன்றுமில்லாதவரின் கையும் வெளியே வரும்போது ஒரே மாதிரித்தான் இருக்கும். இது எங்கள் ஊர்க்காரர் யாரோ கவனக்குறைவாக விட்ட பிழை என்று மருமகன் நினைத்திருந்தான். இல்லை, உலகம் முழுக்க அந்தச் சபையில் நெடுங்காலமாக இருந்துவரும் வழக்கம் அது. 1833இல் பாரிஸ் நகரத்தில் பிரெடெரிக் ஒசானாம் என்ற இருபது வயது மாணவனும் அவன் கூட்டாளிகள் சிலரும் தொடங்கிய சபை. அதற்கு முந்தைய ஆண்டுதான் கொலரா அந்த நகரத்தை வாரிக்கொண்டு போயிருந்தது. உங்கள் திருச்சபை முன்னொரு காலத்தில் நல்லது செய்தது சரி, இப்போது என்ன செய்கிறது என்று விவாத மேடையில் எதிர்த்தரப்பார் கேட்டார்கள். அந்தக் கேள்விக்குப் பேச்சால் பதில் சொல்லிப் பயனில்லை என்று கண்டுதான் அவர்கள் ஏழை வீடுகளுக்குப் படியேறத் தொடங்கினார்கள். ரோசலி ரெண்டு என்ற அருட்சகோதரி எந்த வீடு, எந்தப் படி என்று காட்டிக்கொடுத்தார்.

"அதெல்லாம் சரி மாமா. ஆனால் ஏன் மறைக்கவேணும்?"

அதற்கு ஒரு சொல்லுக்குள் போகவேண்டும். என் அப்பம்மா படித்த பழைய மங்கள வார்த்தை செபத்தில் மாதாவை 'பிரியதத்தம்' நிறைந்தவள் என்று அழைப்பார்கள். சின்ன வயதில் அது எனக்கு வெறும் ஓசைதான். பிற்காலத்தில் அந்த இடத்தில் 'அருள்' வந்துவிட்டது. மெதடிஸ்த சபையில் இருக்கும் என் கூட்டாளிமார் 'கிருபை' என்பார்கள். மூன்றும் ஒன்றைத்தான் சுட்டுகின்றன, ஆனால் பழைய சொல்லைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே இருப்பது அப்படியே தெரியும். பிரியம், தத்தம். தத்தம் என்றால் கொடுக்கப்பட்டது. தத்துப் பிள்ளை என்கிறோமே, அதே வேர். பிரியத்தால் கொடுக்கப்பட்டது, அவ்வளவுதான். உழைத்த கூலியும் இல்லை, கடனும் இல்லை, பரிசும் இல்லை. பரிசென்றால் வென்றவனுக்குத்தான் கிடைக்கும். இது வெல்லாதவனுக்கும் கிடைக்கும்.

இதைக் கொள்கையாகச் சொன்னால் எல்லோரும் தலையாட்டுவார்கள். இதற்கும் காசுக்கும் என்ன தொடர்பு என்று கேட்டால்தான் தடுமாறுவார்கள். எனக்கு இது விளங்கியது பவுல் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் கடிதத்தில். கொரிந்து எங்கள் ஊரைப்போலத் துறைமுகப் பட்டினம். கிழக்கே ஒரு துறை, மேற்கே ஒரு துறை, பல பாசை பேசும் சனம், கையில் காசு புழங்கும் ஊர். எருசலேமில் வறுமைப்பட்ட சபைக்காகப் பவுல் ஊரூராகப் பணம் சேர்த்துக்கொண்டிருந்த காலம். தருகிறோம் என்று கொரிந்தியர் முந்தின வருசமே சொல்லியிருந்தார்கள். சொன்னது சொன்னபடி கிடந்தது. வடக்கே மக்கெதோனியாவில் இருந்த ஏழைச் சபைகளோ தங்களுக்கே இல்லாத நேரத்தில், எங்களையும் சேர்த்துக்கொள் என்று கெஞ்சிக் கொடுத்தன. அதைச் சொல்லித்தான் கொரிந்தியரை எழுப்புகிறார் பவுல். அந்த எட்டாம், ஒன்பதாம் அதிகாரங்களில் 'காரிஸ்' என்ற கிரேக்கச் சொல் பத்துத் தடவை வருகிறது. கடவுளின் அருளுக்கு அதே சொல், ஏழைகளுக்குச் சேர்த்த பணத்துக்கு அதே சொல், அதைக் கொடுக்கக் கிடைத்த பேற்றுக்கு அதே சொல், கடைசியில் நன்றிக்கும் அதே சொல். தமிழில் மொழிபெயர்க்கும்போது அருள், அறப்பணி, நன்றி என்று பிரித்து எழுதவேண்டியிருக்கிறது. அதனால் நமக்கு அவை மூன்று பொருட்களாகத் தெரிகின்றன. பவுலுக்கு அது ஒரே ஆற்றில் ஓடுகிற தண்ணீர்.

அதனால்தான் பை மூடியிருக்கிறது. வந்தது என்னுடையதல்ல என்றால், போகும்போது அதில் என் பேரை எழுத எனக்கு உரிமை இல்லை.

மருமகன் கோப்பையைக் கீழே வைத்தான். "அப்ப கணக்கும் வேண்டாமோ?"

இந்த இடத்தில்தான் பலர் வழுக்குகிறார்கள், கோயில் காரியங்களில் வரும் சண்டைகளில் பாதி இங்கேதான் முளைக்கிறது. அருள் என்று சொல்லிவிட்டுக் கணக்குக் காட்டாமல் இருப்பது அருளுக்குச் செய்கிற அவமானம். அதே பவுல் அதே கடிதத்தில் என்ன ஏற்பாடு செய்கிறார் என்று பார். பணத்தைத் தனியொருவராகத் தானே கையாளவில்லை. தீத்துவை அனுப்புகிறார். கூடவே இன்னும் இரண்டு பேர், அதில் ஒருவர் சபைகளே தெரிவுசெய்த ஆள். இவ்வளவு பெரிய தொகையில் எவரும் எங்களைக் குறைசொல்ல இடம் வைக்கக்கூடாது, கடவுளுக்கு முன்னால் மட்டுமல்ல, மனிதருக்கு முன்னாலும் சரியாக இருக்கவேண்டும் என்று காரணத்தையும் எழுதுகிறார். ஆக, கொடுத்தவரை மறை, வாங்கியவரை மறை, பணத்தை மறைக்காதே. பை திறந்ததும் இரண்டு பேர் முன்னால் எண்ணு. தொகையை எழுது, இரண்டு பேரும் கையெழுத்து வையுங்கள். அரிசிக்கு எவ்வளவு, மருந்துக்கு எவ்வளவு, பள்ளிக்கூடக் கொப்பிக்கு எவ்வளவு என்பதைக் கூட்டத்தில் உரக்க வாசி. வீடுகளுக்கு இலக்கம் கொடு. எந்த இலக்கம் எந்த வீடு என்ற தாள் தலைவரின் பெட்டிக்குள் இருக்கட்டும்.

அவன் கொப்பியைத் திறந்து கோடு போடத் தொடங்கினான். கணக்குப் பிள்ளைக்குக் கோடு போட்டால்தான் மனம் ஆறும்.

வாங்குபவரை ஏன் மறைக்கவேண்டும் என்பதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கினவர். எனக்குப் பத்து வயதிருக்கும்போது அவர் விழுந்து இடுப்பு முறிந்து எட்டு மாதம் படுக்கையில் கிடந்தார். அந்த நாட்களில் இரண்டு விதமான உதவி எங்கள் வீட்டுக்கு வந்தது. ஓரிடத்தில் எங்களைக் கூப்பிட்டு, வெயிலில் வரிசையில் நிறுத்தி, ஒலிபெருக்கியில் பேர் வாசித்து, மேடையில் ஏற்றி ஒரு பொதி கொடுத்தார்கள். படம் எடுத்தார்கள். அம்மா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைக்கிறமாதிரி மறைத்துக்கொண்டதை நான் பார்த்தேன். அந்தப் பொதியிலிருந்த பருப்பை நாங்கள் சாப்பிட்டோம், ஆனால் அன்று வீட்டில் எவரும் கதைக்கவில்லை.

மற்றது பொழுதுபட்டபின் வந்தது. வின்சன்ட் டி போல் சபையிலிருந்து இரண்டு பேர் வந்து அப்பாவின் கட்டிலருகே கதிரை போட்டு இருந்தார்கள். துறைமுகத்துக் கதை, பந்தடிக் கதை எல்லாம் போனது. அம்மா பிளேன்டீ போட்டுக் கொடுத்தாள், சீனி இல்லாததால் பனங்கட்டித் துண்டு வைத்தாள். இருவரும் மிச்சம் விடாமல் குடித்தார்கள். போனபிறகுதான் கதவு மூலையில் அரிசிப்பை இருந்தது தெரிந்தது. இரண்டு பேராகப் போவது அந்தச் சபையின் முறை, ஆண்டவர் சீடரை அனுப்பினதும் இரண்டிரண்டு பேராகத்தான். ஆனால் அந்தத் தேத்தண்ணியை அவர்கள் குடித்தார்களே, அதைத்தான் நான் இன்றுவரை நினைக்கிறேன். வேண்டாம், உங்களுக்கேன் சிரமம் என்று மறுத்திருந்தால் எங்கள் வீட்டை வெறும் வாங்குகிற வீடாக விட்டுவிட்டுப் போயிருப்பார்கள். குடித்ததால் அம்மா அன்றைக்கு விருந்து கொடுத்தவளானாள். நீ வீடு சந்திக்கப் போகும்போது கொடுக்கிற தேத்தண்ணியைக் குடி, தம்பி. வயிறு சரியில்லை என்றாலும் இரண்டு மிடறு குடி.

இனி, யாருக்குக் கொடுப்பது என்ற கேள்வி. எங்கள் மாவட்டத்தில் அது சுலபமான கேள்வியில்லை. 2012 கணக்கெடுப்பில் 3 லட்சத்து 79 ஆயிரம் பேருக்குமேல் இருந்த மாவட்டம் இது. முஸ்லிம், தமிழர், சிங்களவர் மூன்று தரப்பும் பெருந்தொகை, கிறிஸ்தவர்களோ சிறு தொகை. அந்தச் சிறு தொகைக்குள்ளும் தமிழரும் சிங்களவரும் உண்டு, பாலையூற்றுப் பக்கம் பறங்கியர் குடும்பங்களும் உண்டு. அவனுடைய ஆள் ஏன் பட்டியலில், எங்கள் ஆள் ஏன் இல்லை என்ற முணுமுணுப்பு எந்த நேரமும் வரலாம். இது புதிதல்ல. திருச்சபையில் எழுந்த முதல் உள்வீட்டுச் சச்சரவுகளில் ஒன்று சோற்றுப் பங்கீடு பற்றியது. அப்போஸ்தலர் பணிகள் ஆறாம் அதிகாரத்தில் இருக்கிறது: கிரேக்க மொழி பேசிய விதவைகளை அன்றாடப் பந்தியில் கவனிக்காமல் விட்டுவிட்டார்கள் என்று முறைப்பாடு வந்தது. அப்போஸ்தலர் என்ன செய்தார்கள்? முறைப்பட்டவர்களை அதட்டவில்லை. ஏழு பேரைத் தெரிவுசெய்து பங்கீட்டை அவர்கள் கையில் கொடுத்தார்கள். அந்த ஏழு பேரின் பேரையும் வாசித்துப் பார். ஸ்தேவான், பிலிப்பு, புரொக்கோர் என்று தொடங்கி ஏழும் கிரேக்கப் பேர்கள். விடுபட்டோம் என்று சொன்ன பக்கத்தின் கையிலேயே அகப்பையைக் கொடுத்துவிட்டார்கள். எங்கள் ஊரில் நிவாரணம் பங்கிடும் எவரும் இதை ஒருதரம் உட்கார்ந்து யோசிக்கவேண்டும் என்பது என் ஆசை.

நாங்கள் ஆள் பாராமல் பங்கிட்ட நாளும் உண்டு. 2004 டிசம்பர் 26, நத்தாருக்கு மறுநாள், ஞாயிறு, சுனாமி வந்த நாள். உள்துறைமுகம் தப்பியது, வெளிக்கரை போய்விட்டது. கிண்ணியாவில் ஆஸ்பத்திரியையே கடல் அடித்துக்கொண்டு போனது. மாவட்டத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்ட உயிர். அன்று எல்லோர் வீட்டிலும் நத்தார்ப் பலகாரம் மிச்சமிருந்தது. அதைத்தான் முதலில் எடுத்துக்கொண்டு ஓடினோம். பிறகு அடுப்பு மூட்டிச் சோறு கட்டினோம். பொதியைக் கட்டின கைக்கு அது எந்தச் சனத்தின் கையில் போய்ச் சேரும் என்று தெரியாது. பள்ளிவாசலில் கட்டின சோறு எங்கள் பிள்ளைகளுக்கும் வந்தது. முகம் காணாத எருசலேம்காரருக்கு மக்கெதோனியாக்காரர் கொடுத்தது எப்படி என்று எனக்கு அந்தக் கிழமை விளங்கியது. வருத்தம் என்னவென்றால், வெளியிலிருந்து பெரும் பணம் வந்து இறங்கியபின் பட்டியல்களும் வந்தன, பட்டியல்களோடு பழைய முணுமுணுப்பும் வந்தது.

"அப்ப பெரிய நிறுவனங்கள் தேவையில்லையோ?" என்றான்.

தேவை. மறைமாவட்டத்தின் எகெட் கரித்தாஸ் போன்றவை செய்யும் வேலையை ஒரு துணிப்பை செய்யமுடியாது. வீடு கட்டவும் கிணறு இறைக்கவும் வாழ்வாதாரக் கடன் கொடுக்கவும் ஆள், திட்டம், கணக்காய்வு எல்லாம் வேண்டும். ஆனால் எந்த வீட்டில் இன்று அடுப்பு எரியவில்லை என்பது அலுவலகத்துக்குத் தெரியாது. அது தெரிவது அன்பியத்துக்கு. ஒரு பங்கைத் தெருத்தெருவாகப் பிரித்து, அக்கம்பக்கத்து வீடுகள் கொஞ்சம் ஒன்றுகூடிச் செபிக்கிற குழுதான் அன்பியம். செபமாலைக்கு ஒரு பெண் இரண்டு கிழமை வராவிட்டால், உடுக்க நல்ல சேலை இல்லாமலா, உடம்புக்கு ஏலாமலா என்று பக்கத்து வீட்டுக்காரிக்குத் தெரியும். கேட்காமலே தெரிந்துகொள்வது. கேட்க வைத்தபிறகு கொடுப்பதில் பாதி ருசி போய்விடும்.

எங்கள் கரையில் வறுமைக்கு ஒரு பருவமும் இருக்கிறது. மேற்குக் கரையில் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் கிழக்கு அமைதியாக இருக்கும். நீர்கொழும்புப் பக்கத்திலிருந்தும் வந்து வாடி அடித்து மீன்பிடிப்பார்கள். ஐப்பசி, கார்த்திகை வந்தால் வாடைக்காற்று. வெளிக்கடலுக்கு வள்ளம் இறக்க ஏலாது. நத்தார் வருவது சரியாக அந்த நேரத்தில், கரையிலுள்ள வீட்டில் காசே இல்லாத மாதத்தில். ஆகவே உன் கொப்பியில் ஆடி மாதமும் மார்கழி மாதமும் ஒரே மாதிரி இருக்கக்கூடாது. சித்திரையிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக மாரிக்கு ஒதுக்கிவை.

பொருளாதார நெருக்கடி வந்த 2022ஐ நீயே கண்டாய். சீனக்குடாவில் 99 எண்ணெய்த் தாங்கிகள் நிற்கிற ஊரில் வள்ளத்து இயந்திரத்துக்கு மண்ணெண்ணெய் இல்லை. கலனோடு நாள் முழுக்க வரிசையில் நின்று வெறுங்கையோடு திரும்பினார்கள். ஆகஸ்டில் ஒரே இரவில் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயானது. கொழும்பில் உணவுப் பணவீக்கம் செப்டெம்பரில் 94.9 சதவீதம் என்று அறிவித்தார்கள். ஒரு வருசத்தில் சாப்பாட்டுச் செலவு கிட்டத்தட்ட இரட்டிப்பு. அந்த மாதங்களில் இந்தப் பை என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கிறாய்? தாள்கள் சிறுத்தன. ஆனால் பை வெறுமையாக வந்த கிழமை ஒன்றுகூட இல்லை. ஒரு கிழமை அதற்குள் காசோடு ஒரு சின்னத் தாள் கிடந்தது. தாளில் பேரில்லை, ஒரு மூடை அரிசி இன்ன கடையில் கட்டிவைத்திருக்கிறது, எடுங்கள் என்று மட்டும் எழுதியிருந்தது. கடைக்காரரிடம் நாங்கள் ஆளைக் கேட்கவில்லை.

விசுவாசம் என்றால் என்ன என்று என்னைக் கேட்டால் அந்தத் தாளைத்தான் காட்டுவேன். தனக்கே அடுத்த மாதம் என்னவென்று தெரியாத ஒருவர், எனக்கு வந்தது நிற்காது என்று நம்பிச் செய்த காரியம்.

மருமகன் கொஞ்ச நேரம் பேசாமலிருந்தான். பிறகு நற்செய்தியில் வரும் ஏழைக் கைம்பெண்ணின் இரண்டு காசைப் பற்றிக் கேட்டான். அதைப் பிரசங்கத்தில் எத்தனையோ தரம் கேட்டிருக்கிறான், அவளைப்போல எல்லாவற்றையும் கொடுக்கச் சொல்கிறார்களா என்பது அவன் சந்தேகம். எனக்கு அந்தப் பகுதி எப்போதும் நெஞ்சை உறுத்துகிறது. ஆண்டவர் காணிக்கைப் பெட்டிக்கு எதிரே இருந்து பார்க்கிறார், அவளைப் புகழ்கிறார், உண்மை. ஆனால் அதற்குச் சற்று முன்னால் அவர் கண்டித்தது கைம்பெண்களின் வீடுகளை விழுங்கிவிட்டு நீண்ட செபம் செய்கிறவர்களை. இரண்டையும் சேர்த்துத்தான் வாசிக்கவேண்டும். அவள் போட்டது அவளுடைய விசுவாசம். அதை வாங்குகிற பெட்டிக்காரனுக்கு அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. பிழைப்புக்கு வைத்திருந்த கடைசிக் காசைப் போட்டுவிட்டு ஒருத்தி வெளியே போகிறாள் என்றால், அன்று பின்னேரமே அவள் வீட்டுக்கு இரண்டு பேர் போகவேண்டும். நீ பொருளாளர். உன் இடம் பெட்டிக்காரன் இடம்.

போட ஒன்றுமே இல்லாதவர்கள்? அவர்களும் பையில் கையை விடுகிறார்கள், விட்டுவிட்டு வேறெதையோ கொடுக்கிறார்கள். புனித சூசையப்பர் கல்லூரியில் பழைய மாணவர்களைக் கேட்டால் யூஜின் ஹேபியர் அடிகளாரைச் சொல்வார்கள். அமெரிக்காவின் லூசியானாவிலிருந்து 1940களின் கடைசியில் வந்த இயேசு சபைக் குரு. எங்கள் பையன்களுக்குக் கூடைப்பந்து பழக்கினவர். பிறகு மட்டக்களப்பில் இளைஞருக்குத் தொழில் பழக்கினார். 1990 ஆகஸ்ட் 15, மாதா விண்ணேற்புத் திருநாள், வாழைச்சேனையிலிருந்து ஸ்கூட்டரில் மட்டக்களப்புக்குப் புறப்பட்டார். கூட ஒரு தமிழ்ப் பையன். இருவரும் போய்ச்சேரவில்லை, உடலும் கிடைக்கவில்லை. நாற்பது வருசத்துக்கு மேல் இந்தக் கரையில் இருந்தவர். சண்டை மூண்டபோது புறப்பட்டுப் போயிருக்கலாம், போகவில்லை. அவர் கொடுத்ததை எந்தப் பற்றுச்சீட்டில் எழுதுவாய்?

மாமி கோப்பைகளை எடுக்க வந்தாள். நான் இன்னொன்றும் சொன்னேன். வெளிநாட்டிலுள்ள எங்கள் சனம் கோயில் திருத்தக் காசு அனுப்புகிறார்கள், பளிங்கில் பெற்றோரின் பேர் பொறிக்கிறோம். செத்தவர்களை நினைப்பது நல்லது, அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் ஏழைகளின் பங்குக்குப் பளிங்கு வேண்டாம். அதைக் கேட்டு யாராவது வந்தால், கோயில் கூரைக்குக் கொடுங்கள் என்று அன்பாகச் சொல்லிவிடு.

அவன் கொப்பியில் இலக்கங்கள் போட்டு முடித்திருந்தான். ஒன்றிலிருந்து பதினான்கு வரை, பேரில்லாமல். பிறகு பையைத் தூக்கிப் பார்த்து, "மாமா, அடிப்பக்கம் தையல் விட்டிருக்கு, துணியும் மெல்லிசாய்ப் போச்சு. சில்லறை விழுந்தால் சத்தம் கேக்குது," என்றான். தாள் போட்டால் சத்தம் வராது, குற்றி போட்டால் வரும் என்பதை அவன் கவனித்திருக்கிறான்.

மாமி பையை வாங்கி உள்ளே கையை விட்டுப் பார்த்தாள். பழைய போர்வைத் துண்டு கிடக்குது, உள்ளுக்கு வைத்துத் தைத்துத் தாறன் என்று தையல் மெசின் பக்கம் போனாள்.